சிறிய ரணில் உப்பின் அடர்த்தி

நீரில் கரைந்த உப்பு வெயிலில் ஆவியாவதில்லை. நீர் மட்டுமே போகிறது. உப்புநீர் நீச்சல் குளத்தைப் பராமரிப்பவர் வெயிலில் குறைந்த நீரை ஈடுசெய்ய உப்பைக் கொட்டாமல் நன்னீர் விடுவதும், குஜராத்தின் சிறிய ரணில் அகரியா மக்கள் தலைமுறைகளாக உப்பு விளைவிப்பதும் இந்த ஒரே விதியால்தான். முன்னவர் அடர்த்தி ஏறாமல் காக்கிறார். பின்னவர் அதை ஏற்றி, உரிய இடத்தில் நிறுத்துகிறார். கடினம் இரண்டாவதில்தான்.

இவ்வடர்த்தியை அளக்க இன்றும் உப்பளங்களில் புழங்குவது பாமே அளவு. பிரெஞ்சு மருந்தாளுநர் அந்துவான் பாமே 1768-இல் வகுத்த மிதவைமானி அது. தூய நீரில் அது மூழ்கும் நிலை 0. நூற்றுக்கு 15 பங்கு உப்புள்ள கரைசலில் நிற்கும் நிலை 15. கடல்நீர் ஏறத்தாழ மூன்றரை டிகிரி காட்டும். ரணின் நிலத்தடி நீரோ அதைவிடப் பன்மடங்கு உவர்ப்பானது. கடற்கரையிலிருந்து விலகிய இந்தச் சேற்று வெளியில் உப்புத் தொழில் வேரூன்றியதற்குக் காரணம் அதுவே.

கிணற்றிலிருந்து இறைத்த நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து செறிவடைகிறது. முதலில் படிவது ஜிப்சம். ஏறத்தாழ 25 டிகிரியில் சோற்றுப்பு படியத் தொடங்கும். 29, 30-ஐத் தாண்ட விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து விளைச்சலைக் கசப்பாக்கும். ஆகவே முதிர்ந்த நீரை வடித்துப் புதுநீர் விட வேண்டும். அதுவும் அளவு மீறினால் படிந்த உப்பே கரையும். பருமணியான வடாகரா உப்புக்கு இந்தச் சமநிலையை மாதக்கணக்கில் காப்பதோடு, மணிகள் ஒட்டிப் பாளமாகாதபடி மரவாரியால் கிளறிக்கொண்டே இருக்கவும் வேண்டும். ஆங்கில ஆட்சிக் காலத்தில் காராகோடாவில் அரசு நடத்திய உப்பளங்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது இந்தப் பருமணியே. ஆவணங்களில் அது 'பராகரா'. அதை ரயிலேற்றி வரி ஈட்டிய துறையின் பெயர் பதிவாகியுள்ள அளவுக்கு, விளைவித்தவர் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

1947-இல் உப்பு வரி நீங்கியது. அடுத்த ஆண்டு, பத்து ஏக்கருக்கு உட்பட்ட உப்பளத்துக்கு உரிமம் தேவையில்லை என்றாயிற்று. ஆனால் நிலம் எவருடையது என்ற கேள்வி அப்படியே கிடந்தது. வருவாய்க் கணக்கில் சிறிய ரணுக்கு 'சர்வே எண் பூஜ்யம்' என்று பெயர். அதாவது அளக்கப்படாத நிலம். 1973-இல் காட்டுக்கழுதைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டபின், மழை ஓய்ந்ததும் குடும்பத்தோடு ரணுக்குள் சென்று கோடை வரை தங்கும் மக்கள் தங்கள் தொழிலிடத்திலேயே உரிமை நிறுவ வேண்டியவராயினர்.

அண்மை ஆண்டுகளில் புதிய இடரொன்று சேர்ந்துள்ளது. நர்மதைக் கால்வாயின் உபரி நீர் விளைச்சல் பருவத்திலேயே ரணுக்குள் பாய்கிறது. வேளாண்மைக்கு வரமான அந்த நன்னீர் பாத்திக்குள் புகுந்தால், மாதக்கணக்கில் ஏற்றிய அடர்த்தி இறங்கிவிடும். படிந்த மணிகளும் கரையும். நிலத்துக்குப் பட்டா இல்லாதவர் இழப்பீடு கேட்கும்போது அலுவலகத்தில் எழும் முதல் கேள்வி, எந்த சர்வே எண் என்பதே.