பினாங்குத் துறைமுகமும் கடற்கண்ணிகளும்

துணிவும் சூழ்ச்சியும் மிக்க ஒருவனை 'அவன் எம்டன்' என்று சொல்வது தமிழர் வழக்கு. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் சென்னையின் மீது குண்டு பொழிந்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயரே அச்சொல். அதே கப்பல் அக்டோபர் 28-ஆம் நாள் விடியற்காலையில், பொய்ப் புகைபோக்கி ஒன்றை நாட்டிக்கொண்டு பினாங்குத் துறைமுகத்தினுள் நுழைந்து 'ஜெம்சுக்' என்னும் ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அப்பகை வந்தது, அடித்தது, போய்விட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இதே துறைமுகத்தைச் சூழ்ந்த பகையோ வேறு வகையானது. அது கண்ணுக்குத் தெரியாது. போட்டவர் போன பின்னும் நீருக்கடியில் காத்துக் கிடக்கும். போர் முடிந்த செய்தியும் அதற்கு எட்டாது. அதுவே கடற்கண்ணி.

1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் வசமாயிற்று. தீவுக்கும் செபராங் பிறைக்கும் இடைப்பட்ட கடற்கால் காற்றுக்கு ஒதுக்கமான இடம். ஆதலின் அதனை அவர்கள் நீர்மூழ்கிக் கப்பல்களின் தளமாக்கினர். 1943 முதல் ஜெர்மானிய நீர்மூழ்கிகளும் அங்கே வந்து தங்கின. இத்தளத்தை முடக்க நேச நாட்டார் தேர்ந்த வழி, துறைமுகத்தின் வாயிலில் கண்ணி வைப்பதாகும். 1944 அக்டோபர் 27-ஆம் நாள் வங்காளத்திலிருந்து 15 'லிபரேட்டர்' விமானங்கள் புறப்பட்டன. போகவர ஏறத்தாழ 3,000 மைல் பறந்து, பினாங்குக் கடலில் கண்ணிகளைப் போட்டுத் திரும்பின. அடுத்த மாதமும் அவ்வாறே வந்தன. அவ்வாண்டின் இறுதியில் ஜெர்மானியர் தம் நீர்மூழ்கிகளைச் சாவகத்துக்கு மாற்றிக்கொண்டனர்.

கண்ணிகளுள் இருவகை உண்டு. ஒன்று, கடலடியில் பாரத்தோடு கம்பியால் கட்டப்பட்டு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிதப்பது. கப்பல் முட்டினால் வெடிக்கும். மற்றொன்று, கடலடித் தரையிலேயே கிடப்பது. கப்பலின் இரும்பு உண்டாக்கும் காந்த மாறுதலையோ, சுழலியின் ஓசையையோ உணர்ந்து வெடிக்கும். விமானத்திலிருந்து போடப்படுபவை பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

கண்ணி வாரும் கப்பலின் தொழில் மீனவர் தொழிலிலிருந்து பிறந்தது. முதல் உலகப் போரில் இழுவலை போடும் மீன்பிடிக் கப்பல்களையே ஆங்கிலேயர் இவ்வேலைக்கு அமர்த்தினர். வலையை இழுப்பதுபோல் ஒரு முரட்டுக் கம்பியைக் கப்பல் பின்னால் இழுத்துச் செல்லும். நீரை எதிர்த்து விலகிச் செல்லும் பலகை ஒன்று அக்கம்பியைப் பக்கவாட்டில் விரிக்கும். மிதவை ஒன்று அதன் ஆழத்தைக் காக்கும். கண்ணியின் கட்டுக்கம்பி இதில் சிக்கி அறுந்ததும், கண்ணி மேலே மிதந்து வரும். துப்பாக்கியால் சுட்டு அதனை அழிப்பர்.

தரையில் கிடக்கும் கண்ணியை இம்முறையால் வார இயலாது. அதனை ஏமாற்றத்தான் வேண்டும். இரண்டு கப்பல்கள் இணையாகச் சென்று, மிதக்கும் மின்கம்பிகளை இழுத்துக்கொண்டே, கடல்நீரின் வழியே விட்டுவிட்டு மின்சாரத்தைப் பாய்ச்சும். அதனால் எழும் காந்தப் புலத்தைக் கப்பலென்று எண்ணிக் கண்ணி வெடித்துவிடும். ஓசைக் கண்ணிக்கோ சம்மட்டி போன்ற ஒரு பொறியின் பேரொலி. ஆனால், சில கண்ணிகள் பல கப்பல்களைப் போகவிட்டு, அதன் பின்னரே வெடிக்குமாறு அமைக்கப்பட்டவை. எனவே ஒரே வழியை மீண்டும் மீண்டும் வாரவேண்டும். போடுவதற்கு ஓர் இரவு போதும். எடுப்பதற்கோ பல நாட்கள் வேண்டும்.

கண்ணி வாரும் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சாய்வரிசையில் செல்லும். முன் சென்றது வாரிய நீரில் பின்வருவது செல்லும். முதற் கப்பலுக்கு மட்டும் அப்பாதுகாப்பு இல்லை. 1945 ஜூலை 24-ஆம் நாள், பினாங்குக்கு வடக்கே புக்கெட் தீவருகே 'ஸ்குவிரல்' என்ற கப்பல் கண்ணியில் சிக்கி அழிந்தது. இரண்டு நாட்களுக்குப் பின், அங்கேயே வேலை செய்த 'வெஸ்டல்' மீது ஜப்பானியத் தற்கொலை விமானம் மோதிற்று. போர் முடிய மூன்று வாரமே எஞ்சியிருந்த வேளை அது.

ஆகஸ்ட் 28-ஆம் நாள் துணைக் கடற்படைத் தலைவர் வாக்கரின் தலைமையில் ஆங்கிலக் கடற்படை பினாங்குக்கு வெளியே வந்து நின்றது. செப்டம்பர் 2-ஆம் நாள் 'நெல்சன்' போர்க்கப்பலில் ஜப்பானியத் தளபதி உவோசுமி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் படைவீரர்கள் கரையிறங்கினர். ஜப்பான் பணிந்தது, கண்ணி பணியவில்லை. வாரித் தீர்க்கவேண்டியவற்றுள் நேச நாட்டார் தாமே போட்டவையும் இருந்தன. போர் முடிந்ததும் அவரவர் போட்ட கண்ணியை அவரவரே அகற்ற முயலவேண்டும் என்பது 1907-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை விதி.

இவ்வேலையின் பயன் யாது? மலாயா தனக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதியைக் கடல் வழியாகவே பெற்றுவந்த நாடு. ஆக்கிரமிப்புக் காலத்தில் தோட்டத் தொழிலாளர் மரவள்ளிக் கிழங்கால் உயிர் காத்தனர். சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களுள் பல்லாயிரவர் மீளவில்லை. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கு வந்த கப்பல்கள் நின்றன, கடிதமும் நின்றது. அக்கரையில் தாய் இருக்கிறாளா என்று மகனுக்குத் தெரியாது. மகன் இருக்கிறானா என்று தாய்க்கும் தெரியாது. அரிசி மூட்டையும் அஞ்சல் பையும் 'ரஜூலா' போன்ற பயணக் கப்பல்களும் மீண்டும் வருவதற்கு முதலில் வேண்டியது கண்ணியற்ற ஒரு கடல்வழி. கப்பலிலிருந்து இறங்கியவரும், தொங்கானில் மூட்டை ஏற்றியவரும் அவ்வழியைத் திறந்தவரின் பெயரை அறிந்திலர்.

பிற்காலத்தில் மலேசியக் கடற்படை கண்ணி அகற்றும் கப்பல்களைத் தானே பெற்றது. அவற்றுக்கு இட்டவை மலைகளின் பெயர்கள். அவற்றுள் ஒன்று 'ஜெராய்'. வானம் தெளிந்த நாளில் பினாங்கிலிருந்து வடக்கே தெரியும் கெடா மலை அது. கடாரத்தை நாடி வந்த பழந்தமிழ்க் கலத்தார்க்கு நடுக்கடலில் கரையைக் காட்டிய மலையும் அதுவே. வழிகாட்டிய மலையின் பெயர் வழி திறக்கும் கப்பலுக்கு அமைந்தது மிகப் பொருத்தமே.