மதுரையில் நடந்த கண் ஆய்வை மதுரைக்காரர் படிக்க காசா? ரூ.6,000 கோடி 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் என்ன செய்கிறது?

மேலூர், வாடிப்பட்டி பக்கம் கதிரடிக்கும் நேரத்தில் நெல் சுணை கண்ணில் தெறிப்பது சகஜம். கசக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். சிலருக்கு அந்தச் சின்னக் கீறலில் பூஞ்சைத் தொற்று ஏறி, கருவிழிப் புண்ணாகி, பார்வையே போய்விடும்.

மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்கு கருவிழிப் புண் வருவதாக 1996-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கைவிட இது 10 மடங்கு.

இதற்கு எந்த சொட்டு மருந்து நல்லது? மதுரை உள்ளிட்ட அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் ஆய்வு நடந்தது. 2013-ல் முடிவு வெளியானது. புதிய மருந்தான வோரிகோனசோலைவிட, பழைய நாட்டமைசின்தான் நன்றாக வேலை செய்தது.

அந்த ஆய்வு வெளியானது அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில். உசிலம்பட்டியில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் அதைப் படிக்க முடியுமா? முடியும், இலவசமாகவே. பணம் கொடுத்தது அமெரிக்க அரசின் தேசிய கண் ஆய்வு நிறுவனம். அரசுப் பணத்தில் நடந்த மருத்துவ ஆய்வை 'பப்மெட் சென்ட்ரல்' என்ற பொதுத் தளத்தில் போட வேண்டும் என்பது அங்கே 2008 முதல் கட்டாயம்.

எல்லா கட்டுரைக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடையாது.

கட்டுரைக்கு ஏன் இவ்வளவு விலை?

ஆய்வுக்கு அரசு பணம் தருகிறது. பேராசிரியர் எழுதுகிறார். சரிபார்ப்பதும் வேறு பேராசிரியர்கள்தான், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல். கடைசியில் பதிப்பகம் அதைப் பூட்டி வைத்து, அதே பல்கலைக்கழகத்திடம் சந்தா கேட்கிறது. தனியாக ஒரு கட்டுரை வாங்கினால் பல இதழ்களில் 30 டாலருக்கு மேல், அதாவது 2,500 ரூபாய்க்கு மேல் போகும். படித்துப் பார்த்த பிறகுதான் அது நமக்குத் தேவையே இல்லை என்று தெரியும்!

இதனால்தான் பல மாணவர்கள் 'சை-ஹப்' என்ற தளத்தில் சத்தமில்லாமல் டவுன்லோடு செய்தார்கள். பதிப்பகங்கள் 2020-ல் வழக்கு போட்டன. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்க டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

மத்திய அரசு என்ன செய்தது?

2024 நவம்பர் 25-ல் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள். 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள், சுமார் 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள். கணக்குப் போட்டால் தலைக்கு ஆண்டுக்கு 1,100 ரூபாய் வருகிறது. காந்திநகரில் உள்ள 'இன்ஃப்ளிப்நெட்' மையம் இதை ஒருங்கிணைக்கிறது.

முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் பட்ஜெட்டுக்கு ஏற்ப சந்தா கட்டியது. ஐஐடிக்குக் கிடைத்தது மாவட்டக் கல்லூரிக்குக் கிடைக்காது. இப்போது மதுரை காமராசர் பல்கலைக்கழகம், மதுரை மருத்துவக் கல்லூரி போன்ற அரசு நிறுவனங்களுக்கும் அதே கதவு திறக்கிறது. இது பெரிய மாற்றம்தான், சந்தேகமில்லை.

அப்போ பிரச்னை தீர்ந்ததா?

இல்லை. திட்டம் தொடங்கியபோது அரசு நிர்வாகத்தில் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும்தான். தனியார் கல்லூரி மாணவர், கிளினிக் டாக்டர், படிப்பை முடித்து வெளியே வந்தவர் எல்லாம் வாசலுக்கு வெளியே. சந்தா என்பது வாடகை மாதிரி. 2027-க்குப் பிறகு மறுபடியும் பேரம் பேச வேண்டும்.

இன்னொரு வழி 'ஓப்பன் ஆக்சஸ்'. கட்டுரை வெளியான நாளிலிருந்தே யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் பல இதழ்கள் இதற்கான கட்டணத்தை எழுதியவரிடம் கேட்கின்றன. 'நேச்சர்' இதழ் 2021-ல் நிர்ணயித்த தொகை 9,500 யூரோ, அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். இப்படி வெளியிடும் ஆய்வாளர்களுக்கு உதவ ஆண்டுக்கு ரூ.150 கோடியும் இந்தத் திட்டத்தில் ஒதுக்கப்பட்டுள்ளது.

காசே கொடுக்காத வழியும் உண்டு. இதழ் ஏற்றுக்கொண்ட கட்டுரையின் பிரதியை ஆய்வாளரே பொதுக் களஞ்சியத்தில் போட்டுவிடலாம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரிலேயே இதைக் கொள்கையாக அறிவித்தன. அமெரிக்காவில் விதியைக் கறாராக அமல்படுத்துகிறார்கள். 2025 ஜூலை முதல் அங்கே ஒரு நாள் தாமதம்கூடக் கூடாது. இங்கே கொள்கை காகிதத்தில் இருக்கிறது, கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. ரூ.6,000 கோடியில் சிறு பங்கு போதும், இதை நடைமுறைப்படுத்த.

முனைவர் பட்ட ஆய்வேடுகளில் மட்டும் இந்தியா இதைச் செய்து காட்டியது. 2009-ல் யுஜிசி விதி வந்தது, 'சோத்கங்கா' தளம் நிரம்பியது. காமராசர் பல்கலைக்கழக ஆய்வேடுகளையும் அதில் மொபைலிலேயே படிக்கலாம்.

இப்போதைக்கு எப்படிப் படிப்பது?

அரசுக் கல்லூரியில் இருந்தால், 'ஒரே நாடு ஒரே சந்தா' வசதி பற்றி நூலகரிடம் கேளுங்கள். வெளியே இருப்பவர்கள் முதலில் பப்மெட் சென்ட்ரலிலும், கூகுள் ஸ்காலரிலும் தேடிப் பாருங்கள். கூகுள் ஸ்காலரில் இலவசப் பிரதி இருந்தால் தேடல் முடிவிலேயே அதற்கான லிங்க் இருக்கும். எதுவும் கிடைக்கவில்லையா? கட்டுரையின் முதல் பக்கத்தில் ஆய்வாளரின் மின்னஞ்சல் இருக்கும். பூட்டிய கட்டுரையிலும் அந்தப் பகுதி பெரும்பாலும் திறந்தே இருக்கும். ஒரு பிரதி கேட்டு எழுதினால் பலர் அனுப்பி வைப்பார்கள்.