பூண்டிக்கு அப்பால் ஒரு மலை



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்றால் ஏரியும் வயலும், பிறகு வந்த தொழிற்சாலைகளும்தான் நினைவுக்கு வரும். மலை என்று கேட்டால் திருத்தணியைச் சொல்வோம். ஆனால் திருவள்ளூரைத் தாண்டிப் பூண்டி ஏரிக்கு அப்பால் அல்லிக்குழி மலை இருக்கிறது. அதிக உயரமில்லை, புதர் மண்டிய குன்றுகள். நம் பகுதியில் மனிதர் வாழ்ந்த கதை அங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் குன்றுகளைக் கூர்ந்து பார்த்தால், உருண்டைக் கற்களை மண்ணோடு பிசைந்து வைத்ததுபோல் இருக்கும். டைனோசர் காலத்தில் நீரோட்டம் உருட்டி வந்து சேர்த்தவை. பெரும்பாலும் குவார்ட்சைட் என்னும் கெட்டியான கல். தட்டினால் கூரான விளிம்போடு பெயரும். ஆதி மனிதருக்கு அதுதான் இரும்பு. குடியம் குகைகளும் இந்தப் பாறையில் அமைந்தவையே. மலையில் கல், கீழே கொசஸ்தலையாற்றில் தண்ணீர். குடியிருக்க வேறென்ன வேண்டும்?

1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் கைக்கோடரிகளைக் கண்டார்கள். பின்னாளில் அங்கே அகழாய்வு செய்த சாந்தி பப்பு குழுவினர், அவற்றில் பழையவற்றுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் அறிவித்தார்கள். சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கருவி செய்யும் முறை மாறிவிட்டது என்று 2018இல் வெளியிட்டார்கள். நாமோ 1639ஐ வைத்துச் சென்னைக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறோம்!

அதே ஆற்றில் 1944இல் பூண்டி அணை கட்டினார்கள். அந்தத் தண்ணீரைத்தான் இன்றும் சென்னை குடிக்கிறது. தண்ணீரின் அருமை நமக்குத் தெரிகிறது. கல்லின் அருமைதான் தெரியவில்லை.

ஒரு வேண்டுகோள். அங்கே போனால் கல்லை எடுத்து வராதீர்கள். எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் வயதைச் சொல்ல முடியும். வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் கல். சரளைக்காகக் குன்றை வெட்டினாலும் அதே இழப்புதான். பிள்ளைகளைப் பூண்டி அகழ்வைப்பகத்துக்கு அழைத்துப் போங்கள். கைக்கோடரியை அங்கே காட்டுங்கள்.