கடற்கரை மாநாடும் நகர்மன்றக் கூடமும்: செயற்கை நுண்ணறிவு அச்சத்தின் முன்வரலாறு

செயற்கை நுண்ணறிவு பற்றிய அச்சம் விவரமறியாத மக்களிடம் கிளம்பி விஞ்ஞானிகளைத் தொந்தரவு செய்கிறது என்றொரு எண்ணம் பரவலாக உண்டு. வரலாறு அப்படி இல்லை. முதலில் எச்சரிக்கை மணி அடித்தவர்களில் துறையின் மூத்தவர்களே இருந்தார்கள். 'சைபர்நெடிக்ஸ்' என்று தன் துறைக்குப் பெயரிட்ட நார்பர்ட் வீனர், 1960 மே மாத 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மனிதனால் தொடர முடியாத வேகத்தில் இயங்கும் இயந்திரத்தில், தவறு கண்ணில் படும்போது காரியம் கைமீறிப் போயிருக்கும் என்பது அவர் கவலை. சில மாதங்களில் அதே இதழில் மறுப்பு வந்தது. எழுதியவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆர்தர் சாமுவேல். செக்கர்ஸ் ஆட்டத்தை ஆடி ஆடியே கற்றுக்கொள்ளும் நிரலை உருவாக்கியவர். இயந்திரத்துக்குச் சொந்த விருப்பம் ஏது, அதை எழுதியவரின் நோக்கம்தானே அதில் இருக்கிறது என்று அவர் கேட்டார்.

இருவரும் நிபுணர்கள். வழக்கு நிபுணர்களுக்குள்ளேயே என்றால் தீர்ப்புச் சொல்வது யார்? கணினித் துறை இதைக் கிடப்பில் போட்டது. எதிர்கொண்டது உயிரியல்.

வெவ்வேறு உயிர்களின் மரபணுத் துண்டுகளை இணைக்கும் மறுசேர்க்கை டி.என்.ஏ. சோதனைகளில் சிலவற்றை நிறுத்தி வைப்போம் என்று பால் பெர்க் உள்ளிட்ட விஞ்ஞானிகளே 1974இல் கடிதம் எழுதினார்கள். 1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியாக் கடற்கரையில், அசிலோமாரில், ஏறத்தாழ 140 பேர் கூடிப் பாதுகாப்பு விதிகளை வகுத்தார்கள். விஞ்ஞானம் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொண்டதற்கு இன்றுவரை இதையே உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால் அங்கே பேசப்பட்டது பெரும்பாலும் ஆய்வுக்கூடப் பாதுகாப்பு மட்டுமே. உயிரி ஆயுதம் நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை. ஊர்மக்களும் இல்லை.

ஊர்மக்கள் வந்தது அடுத்த ஆண்டில். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் மறுசேர்க்கை டி.என்.ஏ. சோதனைகளுக்கென ஓர் ஆய்வுக்கூடம் கட்டத் திட்டமிட்டது. 1976 ஜூனில் மேயர் ஆல்ஃபிரெட் வெலூச்சி பேராசிரியர்களை நகர்மன்றத்துக்கு வரவழைத்து, எழுத்துச் சுருக்கங்களை விட்டுவிட்டுச் சாதாரண மனிதருக்குப் புரிகிற மொழியில் பேசச் சொன்னார். அரசியல் நாடகம் என்று பலர் முகம் சுளித்தார்கள். நாடகம் கொஞ்சம் இருந்ததும் உண்மை. ஆனால் நகர்மன்றம் மூன்று மாதம் ஆய்வை நிறுத்தி வைத்தது, பிறகு நகரவாசிகளைக் கொண்டு ஒரு குழு அமைத்தது. அதில் செவிலியராகப் பணியாற்றிய கன்னியாஸ்திரீ இருந்தார், பொறியாளர் இருந்தார், வீடுகளுக்கு எரியெண்ணெய் விற்கும் வணிகர் இருந்தார். மூலக்கூறு உயிரியல் எவருக்கும் தொழில் அல்ல. மாதக்கணக்கில் இரு தரப்பையும் கேட்ட பின், ஆய்வு நடக்கலாம், ஆனால் மத்திய அரசின் விதிகளைவிடக் கூடுதல் காவலோடு என்றார்கள். 1977 பிப்ரவரியில் அது நகரச் சட்டமாயிற்று. பின்னாளில் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஓடி ஒளியவில்லை. அந்த ஊரைத் தேடி வந்தன.

வெறும் உறுதிமொழி என்ன செய்யும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. மாட்டிறைச்சியில் அபாயமில்லை என்று காட்ட 1990இல் வேளாண் அமைச்சர் ஒருவர் கேமராக்களுக்கு முன் தன் சிறு மகளுக்குப் பர்கர் ஊட்ட முயன்றார். பைத்தியப் பசு நோய் மனிதரையும் பாதித்திருக்கக்கூடும் என்று அரசே 1996 மார்ச்சில் ஒப்புக்கொண்டபோது, சரிந்தது இறைச்சி விற்பனை மட்டுமல்ல.

2017 ஜனவரியில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் அதே அசிலோமாரில் கூடி 23 நெறிகளை வெளியிட்டார்கள். இடத்தேர்வு தற்செயலாக இருக்க முடியாது. 2023 மார்ச்சில், ஜிபிடி-4ஐ விஞ்சும் அமைப்புகளைப் பயிற்றுவிப்பதை ஆறு மாதம் நிறுத்தக் கோரித் திறந்த கடிதம் வந்தது. கையெழுத்திட்டவர்களில் ஒருவரான ஈலான் மஸ்க், ஜூலையில் தன் புதிய செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தை அறிவித்தார். ஆறு மாதமும் எதுவும் நிற்கவில்லை.

பெர்க் காலத்து ஆய்வுகள் பெரும்பாலும் அரசுப் பணத்தில் நடந்தன. விதியை மீறினால் நிதி நிற்கும். ஆய்வுக்கூடம் ஒரு தெருவில் நின்றது, அந்தத் தெருவுக்கு ஒரு நகர்மன்றம் இருந்தது. தனியார் முதலீட்டில், பல நாட்டுக் கணினிக் கிடங்குகளில் பரவிக் கிடக்கும் ஒன்றை எந்த மேயர் வரவழைப்பது? என் பார்வையில், கணினித் துறை கடன் வாங்கியது அசிலோமாரின் பெயரை மட்டுமே. கேம்பிரிட்ஜை அது கவனிக்கவே இல்லை. மறுசேர்க்கை டி.என்.ஏ. ஆய்வு நடத்த அந்த நகரில் இன்றும் நகராட்சியின் அனுமதி வேண்டும்.