ஒரு பெயர், பல எழுத்து: ஆவணப் பெயர்களை ஒப்பிடும் இரு முறைகள்

காலனித்துவ மலாயாவின் ஆங்கில ஆவணங்களில் தமிழ்ப் பெயர்கள் எழுத்தரின் செவிக்கேற்பப் பலவாறு பதிவாயின. ஆதலின் ஒருவரை இருவராகவும் இருவரை ஒருவராகவும் கொள்ளும் இடர் ஆய்வாளர்க்கு உண்டு. இதனைக் களைய உதவும் இரு முறைகளை ஈண்டு ஒப்பிடுகின்றோம்.

முதலாவது, அமெரிக்கரான ராபர்ட் ரசல் 1918இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ். இன்று வழங்கும் வடிவில் அது முதலெழுத்தை நிறுத்தி, உயிரெழுத்துகளை விலக்கி, ஒலியால் நெருங்கிய மெய்களுக்கு ஒரே எண்ணைத் தருகின்றது. 1880, 1900ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிமதிப்புகளுக்கு 1930களில் இம்முறையிலேயே அட்டவணை உருவாக்கப்பட்டது. இரண்டாவது, சோவியத் கணிதவியலார் லெவென்ஷ்டைன் 1965இல் முன்வைத்த தொலைவளவு. ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என அது எண்ணுகின்றது.

'முத்துசாமி'யின் உகரங்களை 'யு' என எழுதினும் இரட்டை 'ஓ' என எழுதினும் சவுண்டெக்ஸ் குறியீடு மாறுவதில்லை. ஆயின் 'குமாரசாமி'யை ஓர் எழுத்தர் 'கே'யிலும் மற்றொருவர் 'சி'யிலும் தொடங்கின் அது இருவராக்கிவிடும். தொலைவளவு இவ்விரண்டையும் அண்மையில் வைக்கும். ஆனால், ஆங்கிலத்தில் ஓரெழுத்தே வேறுபடும் ராமனையும் ராஜனையும் அவ்வாறே அண்மையில் வைக்கும். சவுண்டெக்ஸ் இவர்களைச் சரியாகப் பிரிக்கின்றது.

தமிழின் ககரம் ஒன்றே ஆங்கிலத்தில் 'கே', 'சி', 'ஜி' என விரிவதால், முதலெழுத்துகளை முன்னரே ஓரினமாக்கிச் சவுண்டெக்ஸால் தொகுத்து, பின் தொலைவளவால் வரிசைப்படுத்துதல் தக்கது என்பது எம் கருத்து. எனினும், தந்தை பெயர், ஊர், வயது ஆகியன பொருந்தினாலன்றி இரு பதிவுகளை ஒருவருடையன எனக் கொள்ளுதல் வரலாறாகாது.