பாமாலையும் கிற்றாரும்

1814 இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் ஐயர், ஓராண்டு நிறையுமுன் 1815 இல் காலமானார். அவர் தொடக்கிவைத்த ஊழியத்தின் நிழலிலேதான், வவுணதீவிலிருந்து வலையிறவு கடந்து வந்த படுவான்கரைப் பிள்ளைகளாகிய நாமும் எழுத்தோடு பாமாலையும் கற்றோம். ஓகன் ஒலியே எமக்கு ஆராதனை. இன்று எமது பிள்ளைகள் கிற்றாரும் ட்ரம்ஸுமாகக் கைதட்டிப் பாடும்போது, "இதுவும் ஆராதனையா?" என்று முகஞ்சுளிக்கிறோம்.

வரலாறு எம்மைத் திருத்துகிறது. 1706 இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் மிஷன், ஜெர்மன் மெட்டுகளில் தமிழ் ஞானப்பாட்டுகளைத் தந்தது. பின்னர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக இராகங்களில் கீர்த்தனைகள் இயற்றினார். நாம் பழைய முறையென்று காப்பவை அனைத்தும் ஒரு காலத்தில் புதியவையே.

ஆயினும் பழையதில் ஒரு பலம் உண்டு. இடம்பெயர்ந்த நாட்களில் புத்தகமும் விளக்குமின்றிப் பாடினோம், பாடல்கள் மனனமாயிருந்தன. திரையைப் பார்த்துப் பாடும் பிள்ளைகளுக்கு நாம் கையளிக்க வேண்டியது அதுவே.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத் தாக்குதலில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் மாண்டனர். அவர்கள் எம்முறையில் பாடினார்கள் என்று நாம் கேட்கவில்லை, அழுதோம்.

சகோதரிகளே, நூற்றாண்டு நன்றி ஆராதனையில் ஓகனோடு கிற்றாரும் ஒலிக்கட்டும்.