பயண முகவர் தொழில்: சேலையூர், தாம்பரம் வட்டாரம்

பயண முகவர் என்பவர் ரயில், பஸ், விமான டிக்கெட்டுகளையும் அவற்றை ஒட்டிய விசா, காப்பீடு, தங்குமிடம் முதலிய ஏற்பாடுகளையும் பயணிக்காகச் செய்துகொடுத்து, போக்குவரத்து நிறுவனத்திடம் கமிஷனோ பயணியிடம் சேவைக் கட்டணமோ பெறுபவர். சென்னையின் தென்புறநகரில் இவரை ‘டிராவல்ஸ்காரர்’ என்பார்கள். இணையம் இத்தொழிலைப் புரட்டிப்போட்ட விதத்துக்குச் சேலையூரும் அதன் சுற்றுப்புறமும் நல்ல எடுத்துக்காட்டு.

வட்டாரமும் வாடிக்கையாளரும்

சேலையூர் தாம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, வேளச்சேரி சாலையில் உள்ளது. முன்பு தாம்பரம் நகராட்சியைச் சேர்ந்திருந்த இப்பகுதி 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியில் அடங்குகிறது. பக்கத்தில் விமானப்படைத் தளம். 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி. சேலையூரிலேயே பாரத் பல்கலைக்கழகம். மீனம்பாக்கம் விமான நிலையமும் தொலைவில்லை. எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் ரயில்கள் தாம்பரத்தைக் கடந்தே போகின்றன. ஆகவே மாற்றலாகிப் போகும் விமானப்படைக் குடும்பங்கள், விடுமுறைக்கு ஊர் திரும்பும் வெளிமாநில மாணவர்கள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மதுரை, நெல்லை போகிறவர்கள், வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள ஓய்வுபெற்ற பெற்றோர் என்று வாடிக்கையாளர் கூட்டம் இங்கே எப்போதும் உண்டு.

இணையத்துக்கு முன்

1980-களின் பிற்பாதியில் சென்னைக்குக் கணினி முன்பதிவு வரும்வரை, ஒவ்வொரு ரயிலுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பேரேடு இருந்தது. எழுத்தர் அதில் பெயரை எழுதி, கெட்டி அட்டை டிக்கெட்டைக் கொடுப்பார். வேறு ஊரிலிருந்து திரும்பி வரும் பயணத்துக்குத் தந்தி அடித்து இடம் கேட்க வேண்டும். புறநகரில் இருந்தவருக்கு இது அரை நாள் வேலை. அந்த அரை நாள் வேலையைக் கட்டணத்துக்கு ஏற்றுக்கொண்டவரே ஏஜென்ட். ரயில் பயணிகளுக்கான சேவை முகவர்களுக்கு ரயில்வே தனி விதிகள் வகுத்து உரிமம் வழங்கியது. உரிமம் இல்லாமல் இதே வேலையைச் செய்தவர்களும் ஏராளம். ‘பிளாக்கில் டிக்கெட்’ என்ற பேச்சு அந்தக் காலத்தில் வேரூன்றியது.

தனியார் ஆம்னி பஸ் டிக்கெட் முழுக்கத் தொலைபேசியில் ஓடியது. கடையில் இருக்கை வரைபடம் அச்சிட்ட தாள் இருக்கும். கடைக்காரர் பஸ் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, எந்த எண் காலி என்று கேட்டு, பெயரெழுதி, கையால் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். ஒரே இருக்கை இரண்டு கடைகளில் விற்கப்பட்டுப் பஸ் வாசலில் சண்டை வருவதும் உண்டு. பல டிராவல்ஸ் கடைகள் எஸ்டிடி பூத்தையும் ஜெராக்ஸ் இயந்திரத்தையும் சேர்த்தே நடத்தின. டிக்கெட்டில் வராத வருமானம் அவற்றில் வந்தது.

விமான டிக்கெட்டின் கதை வேறு. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் அங்கீகாரத்துக்கு வங்கி உத்தரவாதம் வேண்டும். சிறு கடைகளுக்கு அது எட்டாது. எனவே புறநகர்க் கடைக்காரர் நகரத்தின் ஐயாட்டா ஏஜென்டிடம் துணை முகவராக இருந்து, கமிஷனைப் பங்கிட்டுக்கொண்டார். டிக்கெட் என்பது சிவப்புக் கார்பன் பூசிய தாள்கள் கொண்ட சிறு புத்தகம். அதைத் தொலைத்தால் பணம் போனது போலத்தான். கட்டணமும் நேர அட்டவணையும் தடித்த வழிகாட்டி நூல்களில் கிடந்தன. பின்னர் வந்த சேபர், அமேடியஸ், கலிலியோ முன்பதிவுக் கணினிகளிலும் சங்கேதக் கட்டளைகளை மனப்பாடம் செய்தவருக்கே திரை பதில் சொல்லும். பயணி பார்க்க முடியாத அந்தத் தகவல்தான் முகவரின் மூலதனம். கமிஷனை டிக்கெட் விலைக்குள்ளேயே நிறுவனம் வைத்துக் கொடுத்ததால், அதில் முகவருக்கு எவ்வளவு போகிறது என்றே பயணிக்குத் தெரியாது. அந்த ஏற்பாடு பயணிக்கு நியாயமானதாக இருந்ததென்று சொல்ல முடியாது.

மாற்றம்

ரயில்வேயின் முன்பதிவுக் கணினிகள் 1999-இல் நாடு முழுக்க ஒரே வலையில் இணைந்தன. அதே ஆண்டு ரயில்வேயின் துணை நிறுவனமான ஐஆர்சிடிசி தொடங்கப்பட்டது. 2002 ஆகஸ்டில் அது இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியபோது, தாள் டிக்கெட் கூரியரில்தான் வீட்டுக்கு வந்தது. 2005-இல் இ-டிக்கெட் வந்ததும் வீட்டு அச்சுத்தாளே போதும் என்றாயிற்று. 2003-இல் பறக்கத் தொடங்கிய ஏர் டெக்கான் இணையத்திலும் போனிலும் நேரடியாக விற்று, ஏஜென்டைத் தாண்டிப் போகலாம் என்று காட்டியது. 2008 ஜூன் முதல் ஐயாட்டா தாள் டிக்கெட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஒருகாலத்தில் ஒன்பது சதவீதமாக இருந்த கமிஷன் படிப்படியாகத் தேய்ந்து, அதே ஆண்டின் இறுதியில் முன்னணி விமான நிறுவனங்கள் அதை அறவே நிறுத்தின.

பஸ் பக்கத்திலும் இதுவே நடந்தது. 2005 தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போக டிக்கெட் கிடைக்காத ஓர் இளைஞரும் நண்பர்களும் 2006-இல் ரெட்பஸ் தொடங்கினார்கள். எந்தக் கடையிலிருந்து பார்த்தாலும் ஒரே இருக்கைப் படம் என்ற நிலை வந்தது. இரட்டை விற்பனைச் சண்டை பெரும்பாலும் ஓய்ந்தது. பஸ் ஏறுமிடமும் இடம் மாறியது. 2002-இல் திறந்த கோயம்பேடு நிலையம் சேலையூர்வாசிகளுக்குத் தொலைவு; பெருங்களத்தூர்ச் சாலையோரமே அவர்களுக்கு ஏறுமிடமாக இருந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறந்து, அடுத்த மாதம் தெற்கே செல்லும் ஆம்னி பஸ்களும் அங்கே மாற்றப்பட்டபோது, வடசென்னைக்காரர் முணுமுணுத்தாலும் தாம்பரம் வட்டாரம் மகிழ்ந்தது.

சட்டம்

ரயில்வே சட்டம் 1989-இன் 143-ஆம் பிரிவு, அனுமதியின்றி டிக்கெட் வாங்கி விற்கும் தொழில் செய்வோருக்கு மூன்றாண்டு வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. சொந்தப் பெயரில் பல ஐடிகள் உருவாக்கி அக்கம்பக்கத்தாருக்கு ‘டிக்கெட் போட்டுத் தரும்’ பிரவுசிங் சென்டர்களுக்கு இப்பிரிவு பொருந்துமா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. இணைய டிக்கெட்டுக்கும் இது பொருந்தும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதி பெற்ற முகவருக்கும் வரம்பு உண்டு: டிக்கெட் ஒன்றுக்கு இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பருக்கு 20 ரூபாய்க்கும் மற்ற வகுப்புகளுக்கு 40 ரூபாய்க்கும் மேல் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. 2025 ஜூலை முதல், கடைசி நேர முன்பதிவான தட்கல் திறக்கும் முதல் அரைமணி நேரம் முகவர்கள் முன்பதிவு செய்யவே முடியாது. முன்பதிவுக் காலமும் 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து 60 நாளாகச் சுருங்கியது. ரயில் டிக்கெட்டை மட்டும் நம்பி இன்று ஒரு கடை வாடகை கட்ட இயலாது.

எஞ்சிய வேலை

டிக்கெட் எடுப்பது எளிதானபின் கடைக்கு வருபவர்கள் சிக்கலோடு வருகிறார்கள். அமெரிக்காவிலுள்ள மகளிடம் போகும் பெற்றோருக்கு விசாப் படிவம் நிரப்புவது, நேர்காணல் தேதி பிடிப்பது, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது, துபாயில் விமானம் மாறும் முதியவருக்குச் சக்கர நாற்காலி கேட்டுவைப்பது ஆகியவையே இன்றைய வேலை. தாம்பரத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பதால் அந்த வழியிலும் ஆட்கள் வருகிறார்கள். காசி, ராமேஸ்வரம் குழுப் பயணங்களும் இன்னும் ஆள் முகம் பார்த்தே நடக்கின்றன.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் ரயிலும் விமானமும் நின்றபோது இத்தொழிலின் பலவீனம் வெளிப்பட்டது. பணம் விமான நிறுவனத்திடம் இருந்தது. வாடிக்கையாளரோ கடை வாசலில் நின்றார். அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம், முகவர் வழி எடுத்த டிக்கெட்டுக்கான பணம் முகவர் வழியே உடனடியாகப் பயணிக்குச் சேர வேண்டும் என்றது. இழுபறியான அந்த மாதங்களில் போனை எடுத்துப் பதில் சொன்ன முகவர்களுக்கே இத்தொழிலில் எதிர்காலம் உண்டு என்பது இக்கட்டுரையின் கருத்து.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவது டிராவல்ஸ் வேலை ஆகாது. குடியகல்வுச் சட்டம் 1983-இன்படி அதற்குத் தனிப் பதிவு வேண்டும். விசாவும் வேலையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லும் எந்தக் கடையிலும் முன்பணம் கட்டுமுன் அந்தப் பதிவெண்ணைக் கேட்டு, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.